முகத்தில் புதிதாக ஒரு கரும்புள்ளி: கேன்சரோ என்று பயந்தால் என்ன செய்வது, எங்கே போவது

ராத்திரி 11 மணிக்கு பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று, போன் டார்ச்சை அடித்துக் கன்னத்தையே உற்றுப் பார்த்திருக்கிறேன். இடது கன்னத்து எலும்பின் மேல் மிளகு அளவில் ஒரு கரும்புள்ளி. அது எப்போது வந்தது, போன தீபாவளிக்கு இருந்ததா என்றே ஞாபகம் வரவில்லை. போனில் தேடினால் வந்து நின்றது மூக்கு அரித்துப்போன யாரோ ஒரு வெள்ளைக்காரரின் படம். அன்றைக்குத் தூக்கம் போயே போயிற்று.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. பண்ருட்டிப் பக்கம் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 61 வயதில் மூக்கோரம் கருப்பாக ஒரு மணி மாதிரி வந்தது. முந்திரித் தோப்பு, வெயில், வேலை என்று வாழ்ந்தவர், கண்ணாடி பார்ப்பதே குங்குமம் வைக்கும்போதுதான். மூக்கில் மச்சம் வந்தால் யோகம் என்று தெருவில் சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்து அது நடுவில் குழிந்து, முகம் துடைக்கும்போது துண்டில் ரத்தம் பட ஆரம்பித்தது. சுண்ணாம்பும் சலவை சோடாவும் குழைத்து வைத்தார்கள். பொருக்குத் தட்டி உதிர்ந்ததும் ஆறிவிட்டது என்று நினைத்தார்கள், மறுபடி வந்தது. அப்புறம் மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஒரு களிம்பு. இப்படியே 2 வருஷத்துக்கு மேல் ஓடியது. கடைசியில் சதை எடுத்துப் பார்த்தபோது பேசல் செல் கார்சினோமா, ஒரு வகைத் தோல் புற்று, என்று வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து இன்று நன்றாக இருக்கிறார். ஆனால் மிளகு அளவில் இருந்தபோதே காட்டியிருந்தால் நாலு தையலோடு போயிருக்கும். காட்டியபோது கன்னத்துத் தோலை நகர்த்தி மூக்கோரத்தை மூட வேண்டி வந்தது.

என்னுடையது ஒன்றுமில்லை, செபோரிக் கெரட்டோசிஸ், வயது ஏற ஏற வரும் ஒரு வகை மரு. ஆனால் கண்ணாடியில் பார்க்க என்னுடையதும் பெரியம்மாவுடையதும் ஆரம்பத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருந்தன! அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இரண்டு முறை இந்த வழியில் நடந்தவள், அவ்வளவுதான். புள்ளி என்னவென்று நீங்களோ நானோ பார்த்துச் சொல்ல முடியாது. நம் கையில் இருப்பது, அது மாறுகிறதா என்று கவனிப்பதும், காத்திருக்க ஒரு கெடு வைப்பதும், சதையை லேபுக்கு அனுப்பும் முன் யாரும் அதைச் சுட்டு எடுக்காமல் பார்த்துக்கொள்வதும்.

முதல் படி: பகல் வெளிச்சத்தில் பாருங்கள், படம் எடுங்கள்

ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் எல்லாப் புள்ளியும் பயங்கரமாகத்தான் தெரியும். காலையில் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். பவுடர், கிரீம் எதுவும் இல்லாமல் முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு வீட்டில் யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள். செல்ஃபி வேண்டாம், முக்கியமாக அந்த முகத்தை அழகாக்கும் பியூட்டி ஃபில்டரை அணைத்துவிடுங்கள். பல போன்களில் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், புள்ளியையே அழித்துவிடும். பழைய படங்களைத் தேடினால் பல படத்தில் என் புள்ளி இல்லவே இல்லை, எல்லாம் அந்த ஃபில்டர் செய்த வேலை.

முழு முகம் ஒன்று, பாதி முகம் ஒன்று, புள்ளி மட்டும் ஒன்று, இப்படி 3 படம் போதும். மூன்றாவதில் பிள்ளைகளின் ஸ்கேலைப் புள்ளிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், மில்லிமீட்டர் கோடு தெரிய வேண்டும். ஃபிளாஷ் போடாதீர்கள். அடுத்த முறையும் அதே ஜன்னல், அதே நேரம். இல்லாவிட்டால் நிறம் மாறியதா வெளிச்சம் மாறியதா என்று குழப்பம் வரும்.

கல்யாண ஆல்பம், ஆதார் படம், வளைகாப்புப் படம் எதிலாவது அந்த இடம் தெரிகிறதா என்றும் பாருங்கள். 20 வருஷமாக அதே இடத்தில் அதே அளவில் இருக்கும் மச்சம் ஒரு கதை, போன பொங்கலுக்குப் பிறகு வந்தது வேறு கதை.

அப்படியே மற்ற இடங்களையும் பார்த்துவிடுங்கள். காதுக்குப் பின்னால், மூக்கு மடிப்பு, கண் ஓரம், கீழ் உதடு, தலை வகிடு. பிறகு உள்ளங்கை, உள்ளங்கால், நகம். முகத்துப் புள்ளிக்காக எதற்குக் காலைப் பார்ப்பது என்று தோன்றும். ஆனால் தோல் புற்றுகளில் மிக ஆபத்தான மெலனோமா நம்மைப் போன்ற மாநிறத் தோலில் வரும்போது உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும் வருவது அதிகம். முகத்தையே பார்த்துப் பயந்துகொண்டு காலில் இருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது.

இரண்டாம் படி: பெரும்பாலும் இது என்னவாக இருக்கும்

முகத்தில் வரும் புள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை கேன்சர் இல்லை. நம் தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி வெயிலின் புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடுவதால், வெள்ளைத் தோல்காரர்களைவிட நமக்குத் தோல் புற்று வருவது மிகக் குறைவு.

கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் கடுகு தெறித்த மாதிரி சின்னச் சின்னக் கருப்பு மணிகள் வருமே, அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கும் வரும், அவற்றால் ஆபத்து இல்லை. என்னுடையது போன்ற செபோரிக் கெரட்டோசிஸ், மெழுகை உருட்டித் தோல்மேல் ஒட்டி வைத்த மாதிரி, மேலே கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். இரண்டு கன்னத்திலும் பட்டையாகப் பழுப்பு படர்ந்தால் அது மங்கு. பரு வந்த இடத்தில் தங்கும் கருமை மாதக்கணக்கில் இருந்து மெல்ல மங்கும். ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடம் வெளுத்துப் போவது அந்தப் பசையில் இருக்கும் ரசாயனத்தால், அதற்கும் புற்றுக்கும் சம்பந்தமில்லை. வெண்புள்ளியும் புற்று இல்லை, தொற்றும் இல்லை.

இங்கே ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிறிய அல்லது சிவந்த திட்டு, தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால், பஞ்சை லேசாகத் தடவினாலும் தெரியவில்லை என்றால், தேமல் என்று விடாதீர்கள். அது தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரை இலவசம், முழுதாகக் குணமாகும்.

மூன்றாம் படி: எதைக் கண்டால் காட்டியே ஆக வேண்டும்

என்னிடம் யாராவது ஒரே ஒரு அறிகுறி சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்: ஆறாத புண். அடிபடாமல், நகம் படாமல், தானாக வந்து, பொருக்குத் தட்டி, உதிர்ந்து, ஆறினாற்போல் இருந்து, மறுபடி அதே இடத்தில் கசியும் புண். முகத்தில் ஒரு சாதாரணக் காயம் ஒன்று, இரண்டு வாரத்தில் மூடிவிடும். 4 வாரம் ஆகியும் மூடவில்லை என்றால் சாதாரணக் காயம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள்.

பேசல் செல் கார்சினோமா, உலகத்தில் அதிகமாக வரும் தோல் புற்று, பெரும்பாலும் முகத்தில்தான் வரும். மூக்கு, மூக்கோரம், கண்ணுக்குக் கீழே, நெற்றிப்பொட்டு. புத்தகப் படங்களில் முத்து மாதிரி பளபளப்பான இளஞ்சிவப்புக் கட்டியாக இருக்கும். நம் தோலில் பல நேரம் அப்படி இருக்காது, கருப்பாகவோ கரும்பழுப்பாகவோ மச்சம் மாதிரியே இருக்கும். பெரியம்மா விஷயத்தில் எல்லோரும் ஏமாந்தது இங்கேதான். விளிம்பு மட்டும் மேடாக உருட்டிவிட்ட மாதிரி இருக்கிறதா, அந்த விளிம்பில் ஒரு பளபளப்பு தெரிகிறதா, நடுவில் குழி விழுகிறதா, முகம் துடைத்தால் ரத்தம் வருகிறதா என்று பாருங்கள். இது மெதுவாக, வருஷக்கணக்கில் வளரும். மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது 100 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. அதற்காக விட்டுவிட்டால் இருக்கும் இடத்திலேயே ஆழமாக அரித்துக்கொண்டு போகும், மூக்குக் குருத்தெலும்பு, கண் இமை என்று எதையும் பார்க்காது. வலிக்காது என்பதுதான் இதில் மோசமான விஷயம். வலித்திருந்தால் பெரியம்மா என்றோ டாக்டரிடம் போயிருப்பார்.

ஸ்குவாமஸ் செல் கார்சினோமா கொஞ்சம் வேகமானது. சொரசொரப்பான, செதில் தட்டிய தடிப்பு, தொட்டால் அடியில் கெட்டியாக இருக்கும், பிறகு புண்ணாகும். கீழ் உதட்டில், காதில், பழைய தீக்காயத் தழும்பில் வரும். இது கழுத்து நெறிக்கட்டிக்குப் பரவக்கூடியது. வெயிலில் உழைப்பவர், அதோடு பீடி பிடிப்பவர், கீழ் உதட்டில் ஆறாத வெடிப்பு என்றால் கால தாமதம் கூடாது.

மெலனோமா நம்மிடையே அரிது, முகத்தில் இன்னும் அரிது. மச்சத்தின் ஒரு பாதி மறு பாதி மாதிரி இல்லாதது, விளிம்பு கந்தலாக இருப்பது, ஒரே மச்சத்தில் 2, 3 நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், எல்லாவற்றையும்விட முக்கியமாக வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ மாறிக்கொண்டே போவது, இந்த ஐந்தில் எது இருந்தாலும் காட்டுங்கள். 6 மில்லிமீட்டர் என்பது கிட்டத்தட்ட பென்சிலின் அடிப்பக்க அளவு.

யாருக்கெல்லாம் பயம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்க வேண்டும்? பிறவியிலேயே உடம்பு முழுக்க நிறமி இல்லாமல், வெண்ணிறத் தோலும் முடியுமாகப் பிறந்தவர்களுக்கு. நம் ஊர் வெயிலில் அவர்களுக்கு இளவயதிலேயே தோல் புற்று வரலாம், வருஷா வருஷம் தோல் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகம் மாற்றியவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், முகத்தில் முன்பு கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்கள், பழைய தீக்காயத் தழும்பு உள்ளவர்கள், தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ 30, 40 வருஷம் கடலுக்குப் போன பெரியவர்கள். கடலில் வெயில் மேலே இருந்து மட்டும் வருவதில்லை. மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும், கடல் நுரை சுமார் 25 சதவீதம்.

நான்காம் படி: கெடு வையுங்கள்

தினமும் 10 தடவை தொட்டுப் பார்ப்பதால் எதுவும் தெரியாது, புள்ளிதான் சிவக்கும். காலண்டரில் குறித்துவிடுங்கள்.

புள்ளி தட்டையாக, ஒரே நிறத்தில், ரத்தம் இல்லாமல், பழைய படத்திலும் இருந்தால், 4 வாரம் கழித்து அதே ஜன்னலில் மறுபடி ஒரு படம். மாறவில்லை என்றால் 3 மாதத்தில் இன்னொன்று. மனசு கேட்கவில்லை என்றால் நடுவிலேயே போய்க் காட்டுங்கள், அதில் தப்பே இல்லை.

ரத்தம், ஆறாத புண், மேடான விளிம்பு, 40 வயதுக்கு மேல் புதிதாக வந்து வளரும் மச்சம் என்றால் அடுத்த படமெல்லாம் வேண்டாம், ஓரிரு வாரத்துக்குள் தோல் டாக்டர். வாரக்கணக்கில் கண்ணுக்குத் தெரிந்தே பெரிதாகும் கட்டி, கழுத்தில் நெறி, இமையோரப் புண் என்றால் இந்த வாரமே.

திருவிழா முடியட்டும், பலாப்பழ சீசன் முடியட்டும், பிள்ளை பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடுவது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். பெரியம்மா 2 முந்திரி சீசனைத் தள்ளிப்போட்டார்.

ஐந்தாம் படி: இதையெல்லாம் செய்யாதீர்கள்

இந்த இடத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம் பக்கத்தில் கெடுதல் நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

சுண்ணாம்பும் சோடாவும் வைப்பது, முந்திரிக்கொட்டை எண்ணெயைத் தொட்டு வைப்பது, சேங்கொட்டை, குதிரை முடி கட்டி அறுப்பது, ஊதுபத்தியால் சுடுவது. கடலூர் மாவட்டத்தில் முந்திரிக்கொட்டை எண்ணெய் என்ன செய்யும் என்று யாருக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை, கொட்டை உடைக்கும் பெண்களின் கையைப் பார்த்தால் போதும். அதே எண்ணெய்தான் முகத்திலும் தோலை வேகவைக்கிறது. மேலே இருப்பது வெந்து உதிர்ந்துவிடும், அடியில் வேர் இருந்தால் இருந்தபடியே இருக்கும். மேலே தழும்பு மூடிக்கொண்டு, அடியில் கண்ணுக்குத் தெரியாமல் வளரும். பிறகு டாக்டர் பார்க்கும்போது விளிம்பு எது, தழும்பு எது என்று பிரிக்கவே கஷ்டம்.

அழகு நிலையத்தில் மச்சம் எடுப்பதும் இதே மாதிரிதான். சுட்டோ லேசர் வைத்தோ எடுத்தால் லேபுக்கு அனுப்பச் சதையே மிஞ்சாது, எடுத்தது என்ன என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. கிளினிக்கிலேயே எடுப்பதாக இருந்தாலும், ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், எடுக்கிறதை பயாப்ஸிக்கு அனுப்புவீங்களா?" இது சாதாரண மருதான், தேவையில்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னால் சரி. பார்க்காமலே சொன்னால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் களிம்பு பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். போட்டால் சிவப்பு குறையும், அரிப்பு அடங்கும், குணமாகிறது என்று தோன்றும். புற்றுக்கு அது ஒன்றும் செய்யாது, நாள்தான் போகும். முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரிய ஆரம்பிக்கும், அது தனித் தொல்லை.

நாட்டு மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னவென்று தெரிந்த பிறகு பேசலாம், தெரிவதற்கு முன் எதையும் பூசாதீர்கள்.

ஆறாம் படி: எங்கே போவது

முதலில் தோல் மருத்துவர். நேராகப் புற்றுநோய் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லை. கடலூரில் இருப்பவர்களுக்கு அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது, சிதம்பரம் பக்கம் என்றால் அண்ணாமலை நகரில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, முன்பு ராஜா முத்தையா என்று சொல்வோமே, அதுதான். புதுச்சேரியில் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர். ஜிப்மரில் தோல் பிரிவு, நோய்க்குறியியல் லேப், பிளாஸ்டிக் சர்ஜரி, மண்டல புற்றுநோய் மையம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பது பெரிய வசதி, ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டாம்.

கடலூரிலிருந்து பாண்டி பஸ்ஸில் ஏறிப் பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அங்கிருந்து ஜிப்மர் பஸ் பிடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை புறநோயாளி பிரிவு கிடையாது. பதிவு காலையில்தான், விடியற்காலை பஸ்ஸில் கிளம்பினால் நல்லது. சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு, துணைக்கு ஒருவரோடு போங்கள். முதல் நாள் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள், நாங்கள் ஒருமுறை அப்படி வந்து 3 வாரம் வீணாக்கினோம்.

கையில் இருக்க வேண்டியவை: ஆதார், ரேஷன் கார்டு, மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அது, நீங்கள் எடுத்த படங்கள், சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டை, இதுவரை பூசிய களிம்பின் டியூப். டியூப்பை வெட்கப்படாமல் காட்டுங்கள். சுண்ணாம்பு வைத்தீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை, தழும்பு எதனால் வந்தது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

உள்ளே போனால் 5 நிமிஷம் கிடைக்கும், சில நேரம் அதுவும் இல்லை. அதனால் ஒரே மூச்சில் சொல்ல ஒரு வரி தயார் செய்துகொள்ளுங்கள். பெரியம்மாவுக்கு நான் சொல்லிக் கொடுத்தது: "மூக்கோரம் 2 வருஷமா இருக்குங்க டாக்டர், துடைச்சா ரத்தம் வருது, சுண்ணாம்பு வச்சோம், ஆறி ஆறி வருது." அதைக் கேட்டதுமே அந்த டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னார். முதலில் அரிப்பு, தலைவலி, மூட்டுவலி என்று ஆரம்பித்தால் முக்கியமானது அடிபட்டுப் போகும்.

டாக்டர் கையில் விளக்கு வைத்த பூதக்கண்ணாடி மாதிரி ஒன்றைப் புள்ளிமேல் வைத்துப் பார்ப்பார். டெர்மாஸ்கோப். வலிக்காது. என்னுடையதில் அதை வைத்துப் பார்த்து அரை நிமிஷத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். ஒரு மாதமாகத் தூங்காதவள் அங்கேயே அழுதுவிட்டேன்.

ஏழாம் படி: பயாப்ஸி

சந்தேகம் இருந்தால் சதை எடுத்து அனுப்பச் சொல்வார்கள். இங்கேதான் வீட்டில் பஞ்சாயத்து கூடும். "கத்தி பட்டா பரவிடும்", "சும்மா இருக்கிறதைச் சொறிஞ்சு விடாதே" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். தெளிவாகச் சொல்கிறேன், பயாப்ஸி செய்வதால் தோல் புற்று பரவாது. கத்தி பட்ட பிறகு மோசமானதாக ஊரில் சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலும் நோய் முற்றிய பிறகுதான் கத்தியே பட்டிருக்கும்.

நடப்பது இவ்வளவுதான். மரத்துப்போக ஊசி போடுவார்கள், அது சுருக்கென்று எரியும், 10, 15 நொடி. பிறகு தொடுவது தெரியும், வலி தெரியாது. பேனா மாதிரி ஒரு கருவியால் 3 அல்லது 4 மில்லிமீட்டர் சதை எடுப்பார்கள், சின்னப் புள்ளியாக இருந்தால் முழுதாகவே எடுத்துவிடுவதும் உண்டு. ஒன்றிரண்டு தையல், பிளாஸ்டர், அன்றைக்கே வீடு. முகத்துத் தையலைப் பொதுவாக 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை இருந்தாலும் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் வர ஒரு வாரம், 10 நாள், கூட்டம் அதிகமான இடத்தில் இன்னும் கொஞ்சம் ஆகலாம். அந்த நாட்கள் கஷ்டமானவை, அதை மறைக்க மாட்டேன். எங்களுக்கு உதவியது: போனில் தேடுவதை வீட்டில் ஒருவருக்கு மட்டும் விட்டோம், மற்றவர்கள் தொடவில்லை. ரிப்போர்ட் வாங்க எந்தத் தேதியில் வர வேண்டும் என்று சதை எடுத்த அன்றே எழுதி வாங்கிக்கொண்டோம். அந்த நாளுக்கு முன்னால் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

வந்த ரிப்போர்ட்டைப் பெரியவரிடம் மறைக்காதீர்கள். எங்கள் வீட்டில் மாமா "கட்டின்னு மட்டும் சொல்லுங்க" என்றார். பெரியம்மா அன்று சாயங்காலமே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கேன்சர்தானே பாப்பா, சொல்லு" என்று கேட்டார். சொன்னேன். "எடுத்துட்டா போயிடுமா?" "போயிடும் பெரியம்மா." அவ்வளவுதான், மறுநாள் அவரேதான் பையை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினார்.

எட்டாம் படி: புற்று என்றே வந்துவிட்டால்

சிறியதாக, விளிம்பு தெளிவாக இருக்கும் பேசல் செல் கார்சினோமாவுக்கு, சுற்றிலும் சுமார் 4 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பது வழக்கம். காயம் சின்னதென்றால் நேராகத் தைத்துவிடுவார்கள், இல்லையென்றால் பக்கத்துத் தோலை நகர்த்தியோ வேறு இடத்துத் தோலை ஒட்டியோ மூடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு இதோடு முடிந்துவிடும், கீமோ, முடி கொட்டுவது எதுவும் கிடையாது. கண், மூக்கு ஓரங்களில் மோஸ் என்ற முறை உண்டு, ஒவ்வொரு அடுக்காக எடுத்து அப்போதே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மிச்சம் இருக்கும் பக்கம் மட்டும் மேலும் எடுப்பது. நல்ல தோல் வீணாகாது, ஆனால் சில இடங்களில்தான் செய்கிறார்கள், உங்களுக்குத் தேவையா என்று கேட்டுப் பாருங்கள். அறுவை தாங்காத வயதானவர்களுக்குக் கதிர்வீச்சு. ஸ்குவாமஸ் என்றால் கழுத்து நெறியையும் பார்ப்பார்கள். மெலனோமா என்றால் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை வைத்தே அடுத்தது எல்லாம், அதற்குப் புற்றுநோய் மையம்தான் சரியான இடம்.

எடுத்த பிறகு வரும் இரண்டாவது ரிப்போர்ட்டை வாங்காமல் விட்டுவிடாதீர்கள். அதில்தான் விளிம்பில் நோய் இருக்கிறதா இல்லையா என்று இருக்கும். "மார்ஜின் கிளியரா டாக்டர்?" என்று கேளுங்கள். இல்லையென்றால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கலாம், அதை உடனே செய்வது பிறகு செய்வதைவிட எளிது. வேறு ஊரில், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை மாதிரி இடத்தில் இன்னொரு கருத்து கேட்க நினைத்தால், காகிதத்தோடு, எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் கண்ணாடி ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே அவர்கள் தாங்களே பார்க்க விரும்புவார்கள், இல்லாமல் போனால் திருப்பி அனுப்பலாம், ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும்.

ஒன்பதாம் படி: அதற்குப் பிறகு

ஒருமுறை தோல் புற்று வந்தவருக்கு வேறு இடத்தில் இன்னொன்று வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் 6 மாதம் முதல் ஒரு வருஷத்துக்கு ஒருமுறை, டாக்டர் சொல்லும் கணக்கில், காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெயிலுக்கு, விலை உயர்ந்த கிரீமைவிட முதலில் குடையும் அகலமான விளிம்புள்ள தொப்பியும். வயலிலும் தோப்பிலும் தலையில் கட்டும் துண்டு நெற்றியைக் காக்கும், மூக்கையும் கன்னத்தையும் காக்காது, முன்பக்கம் நிழல் விழும்படி இழுத்துவிட்டுக் கட்ட வேண்டும். காலை 10 முதல் மாலை 4 வரை முடிந்தவரை நிழலில் வேலை. சன்ஸ்கிரீன் போடுவதானால் எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாமல், வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி, வியர்த்தால் அதற்கு முன்பே. கடற்காற்று சிலுசிலுவென்று அடிப்பதால் வெயில் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், சில்வர் பீச்சில் காற்றில் நிற்கும்போதும் கதிர் அதே கதிர்தான்.

பெரியம்மா இப்போது தோப்புக்குப் போகும்போது பழைய பனையோலைத் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொள்கிறார். மூக்கோரத்துத் தழும்பு மடிப்போடு மடிப்பாகச் சேர்ந்துவிட்டது, சொன்னால்தான் தெரியும். 6 மாதத்துக்கு ஒருமுறை அவர் வீட்டு ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, என் பையனின் ஸ்கேலைப் பிடித்து 3 படம் எடுக்கிறேன். போன முறை எடுத்து முடித்ததும், பக்கத்து வீட்டு அக்காவின் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்து, "இவளுக்கும் நெத்தியில ஒண்ணு இருக்கு, இதையும் எடு" என்றார்.